நடுக்கம்பியும் நடுக்கோடும்

அத்தியாயம் 11

முதல் தூணில் ஒட்டியிருந்த நோட்டீஸை நாங்கள் கிழிக்கவில்லை. அண்ணனுக்குக் கை பரபரத்தது. நான்தான் விடவில்லை. கிழித்துப் போட்டால் கோபம் தீரும், படிக்க ஒன்றும் மிஞ்சாது. ஆறு நாளாக நான் அதையே படித்துக்கொண்டிருந்தேன்.

'மின்கம்பித் தடத்துக்குள் அனுமதியின்றி எழுப்பப்பட்ட கட்டுமானம். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அகற்றப்படும்.'

வியாழக்கிழமை வந்துவிட்டது. மணி ஒன்பதரை.

அந்த நான்கு இரும்புத் தூண்கள்தான் அண்ணனின் பட்டறை. கூரை இல்லை, சுவர் இல்லை, ஆனாலும் பட்டறைதான். பத்தாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பதினோரு வருஷம் அடுத்தவன் பட்டறையில் வெல்டிங் அடித்தவன் அவன். அடுத்த மாதத்துக்கு இரண்டு கேட், ஒரு மாடிப்படி என்று ஆர்டர் பிடித்து வைத்திருக்கிறான். தூண் போனால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் மறுபடி பழைய முதலாளி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்.

"ஏய் டிகிரி," என்றான். வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெயரைப் பெருமையில் வைத்தார்களா, நக்கலில் வைத்தார்களா என்று இன்றுவரை தெரியாது. "நீ படிக்கிற படிப்புல அந்த நோட்டீஸ் தேஞ்சுடும் போல. ஏதாவது கெடச்சுதா இல்லையா?"

"நோட்டீஸ்ல இல்ல. இதுல இருக்கு."

முந்தின நாள் பதிவு அலுவலகத்தில் மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்று வாங்கிய நகலை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். மேலே பெரிய எழுத்தில் 'வழியுரிமை ஒப்பந்தம்'.

அதாவது, நிலம் நம்முடையதுதான். ஏர் ஓட்டலாம், நடக்கலாம், படுத்துப் புரளலாம். ஆனால் மேலே மின்கம்பி போக வழி கொடுத்திருக்கிறோம். கம்பிக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட அகலத்துக்குக் கட்டடம் கூடாது, உயரமான மரம் கூடாது. நான்கு வருஷத்துக்கு முன்னால், நிலம் பாகம் பிரியாமல் இருந்தபோது, சித்தப்பா அதில் கையெழுத்துப் போட்டார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதால் அம்மா கைநாட்டு வைத்தாள். பிறகு பாகம் பிரிந்தது. மின் கோபுரத்துக்குக் கிழக்கே எங்களுக்கு, மேற்கே சித்தப்பாவுக்கு. அதன் பிறகுதான் மின் கம்பெனி ஆட்கள் வந்து தடத்தின் இரண்டு ஓரத்திலும் எல்லைக்கல் நட்டார்கள்.

"நாலாவது பத்தி. வாசி."

"நீயே வாசி. அந்த பாஷை எனக்கு ஒத்துக்காது."

வாசித்தேன். "'இரு கோபுரங்களின் மையங்களை இணைக்கும் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் பதின்மூன்று மீட்டர்.' இப்ப நோட்டீஸோட ஒட்டியிருக்கிற படத்தைப் பாரு. என்ன எழுதியிருக்கு?"

குனிந்து பார்த்தான். "நடுக்கம்பியிலிருந்து பதின்மூன்று மீட்டர்."

"அதேதானா?"

"கோடு, கம்பி... என்ன பெரிய வித்தியாசம்? நடு நடுதானே?"

"மேல பாருண்ணா."

இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். கோபுரத்தில் மூன்று கைகள், மூன்று கம்பிகள். மேல் கை மேற்குப் பக்கம் நீண்டிருந்தது. கீழ்க் கையும் மேற்குப் பக்கம். இரண்டுக்கும் இடையில் இருந்த கை மட்டும் கிழக்கே, எங்கள் நிலத்துப் பக்கம் நீண்டு, தன் நுனியில் தன் கம்பியைத் தொங்கவிட்டிருந்தது.

"அதுதான் நடுக்கம்பி," என்றேன். "உயரத்துல நடு. அகலத்துல நடு இல்ல."

பத்திரத்து பாஷைதான் அண்ணனுக்கு ஒத்துக்காது. இரும்பு பாஷை அத்துப்படி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையை நுனி முதல் அடி வரை பார்வையாலேயே அளந்தான்.

"நாலு மீட்டர் இருக்கும்."

"உன் தூண் கம்பியிலேருந்து பத்தரை மீட்டர்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. ரெண்டரை மீட்டர் உள்ள இருக்காம். கம்பியிலேருந்து அளக்காம கோட்டுலேருந்து அளந்தா?"

"பத்தரையும் நாலும் பதினாலரை." விசில் அடித்தான். "ஒன்றரை மீட்டர் வெளியே!"

"வெளியே."

"அடிப்பாவி. இதை நேத்து ராத்திரியே சொல்றதுக்கு என்ன?"

"நீ கட்டிங் பிளேடை எடுத்துக்கிட்டு அவங்க ஆபீஸுக்குக் கிளம்புற மூடுல இருந்தே. உன்கிட்ட கணக்குப் பேச முடியுமா?"

கோபத்தில் நான் அவனுக்குக் குறைந்தவள் இல்லை. என் கோபத்துக்குக் கொஞ்சம் வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு முன்பு எல்லைக்கல் ஒன்று புதரில் சாய்ந்து கிடந்ததைக்கூடக் கவனிக்காமல், 'தலைக்கு மேல கம்பி இல்ல, அப்புறம் என்ன' என்று தூண் நட்டவன் அவன். அதற்கும் நான் அவனைத் திட்டி முடிக்கவில்லை. இன்றைய வேலை முடியட்டும் என்று வைத்திருக்கிறேன்.

பத்து மணிக்குச் சித்தப்பா வந்தார்.

லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருஷம் ரசீது எழுதியவர். எங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தில் எழுதத் தெரிந்த ஒரே ஆள். கையெழுத்தென்றால் சாதாரணக் கையெழுத்தில்லை. கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, வளைந்து, பெயர் முழுவதற்கும் அடிக்கோடு போட்டுவிட்டுத்தான் நிற்கும். சட்டை எப்போதும் இஸ்திரி மடிப்போடு இருக்கும். அந்த இஸ்திரி என் அம்மா போட்டது. அம்மா வேலை பார்க்கும் சலவைக் கடையில்தான் அவர் துணி போடுவார்.

"என்னப்பா, தூணுக்கு இன்னைக்குக் கடைசி நாளா?" என்றார் அண்ணனிடம். "நான் அப்பவே சொன்னேன். கல்லை மதிக்கணும்."

"சொன்னீங்க சித்தப்பா. தூண் நட்டு முடிச்ச அப்புறம் சொன்னீங்க."

"வயசுப் பையன், கேட்கவா போறே? விடு. அவங்க வந்தா எதுத்துப் பேசாதீங்க. நான் பேசி ரெண்டு தூணோட விடச் சொல்றேன்."

"ரெண்டு தூண்ல பட்டறை நிக்குமா? துணி காயப்போடத்தான் ஆகும்," என்றேன்.

"டிகிரி பேசுது," என்று சிரித்தார். என் கையிலிருந்த நகலைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "அது என்ன?"

"நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்."

"அது எதுக்கு உனக்கு?"

"வாசிக்க."

வேலி ஓரமாகப் போய் நின்றுகொண்டார். வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

பத்தே முக்காலுக்கு வேன் வந்தது. லைன் சூப்பர்வைசரும் இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். ஆட்கள் கேஸ் கட்டரை இறக்கிக் குழாயை மாட்டினார்கள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

"அண்ணே, அந்த நாசில்ல கூரைத் தகரம்கூட வெட்ட முடியாது. முனை உருகிப்போயிருக்கு. வேணும்னா என்கிட்ட புதுசு ஒண்ணு இருக்கு, தரட்டா?"

வெட்ட வந்த ஆள் குழப்பமாக சூப்பர்வைசரைப் பார்த்தார். தன் தூணை வெட்ட நாசில் தருகிறேன் என்பவனை அவர் இதுவரை பார்த்திருக்க மாட்டார்.

சூப்பர்வைசர் சின்ன வயது. இந்தப் பகுதிக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறதாம். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. முரடனாக இருந்தால் கத்துவது சுலபம்.

"மேடம், நாங்க ஆர்டர்படி செய்றோம். தயவுசெஞ்சு தள்ளி நில்லுங்க."

"நிக்கிறேன் சார். அதுக்கு முன்னாடி இந்த ஒரு வரியை வாசிங்க. உங்க கம்பெனி எழுதுன வரிதான்."

வாசித்தார். நோட்டீஸில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். தலையைத் தூக்கிக் கோபுரத்தைப் பார்த்தார். அந்த நேரம் அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

"இந்தக் கல்லெல்லாம் நான் வர்றதுக்கு முன்னாடி நட்டது," என்றார் மெதுவாக.

"தெரியும். தூணை வெட்டுறது மட்டும் நீங்க வந்த அப்புறம்."

வேலி ஓரத்திலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "சார், கல் நட்டு நாலு வருஷம் ஆச்சு. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கல. இந்தப் பொண்ணு நாலு எழுத்துப் படிச்சுட்டு வந்து சட்டம் பேசுது. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தூணை வெட்ட இவருக்கு ஏன் இவ்வளவு அவசரம்? சற்று முன்புதான் பேசி விடச் சொல்கிறேன் என்றவர்.

"என் வேலையே அளக்குறதுதான் சார்," என்றார் சூப்பர்வைசர். கட்டரைக் கீழே வைக்கச் சொன்னார்.

கோபுரத்துக்கு நான்கு கால்கள். அவருடைய ஆட்களே எதிரெதிர்க் கால்களுக்குக் குறுக்காக இரண்டு நைலான் கயிறு கட்டினார்கள். கயிறுகள் வெட்டிக்கொண்ட இடத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஓர் ஆணி அடித்தார்கள். அதுதான் மையம். அதன் மேல் முக்காலியை நிறுத்தி, அளவைக் கருவியை வைத்து, தூரத்தில் தெரிந்த அடுத்த கோபுரத்தின் உச்சிக்குக் குறி பார்த்தார் சூப்பர்வைசர். நிலத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு விழுந்தது. நான்கு வருஷமாகக் காகிதத்தில் மட்டும் இருந்த நடுக்கோடு அன்றைக்குத்தான் தரையைத் தொட்டது.

டேப்பின் ஒரு முனையைக் கோட்டில் வெட்ட வந்த ஆள் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு தூணுக்கு நடந்தேன். வளையாமல், தொய்யாமல் இழுத்துப் பிடித்தேன். சூப்பர்வைசர் குனிந்து எண்ணைப் படித்தார்.

"பதினாலு நாற்பத்தாறு."

"இன்னொரு தடவை அளங்க சார். அப்புறம் நாங்க ஏமாத்திட்டோம்னு சொல்லக்கூடாது," என்றேன்.

இன்னொரு தடவை அளந்தார். பதினான்கு நாற்பத்தாறுதான். நோட்டீஸை அவரே தூணிலிருந்து உரித்து எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கேஸ் கட்டர் வேனுக்குள் ஏறியது.

அண்ணன் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். உண்மையாகவே கட்டிப்பிடித்தான். அவனுக்குக் கல்யாணம் ஆனால் பெண்டாட்டியைக்கூட அப்படிப் பிடிப்பானா, சந்தேகம்தான்.

"டிகிரி, பட்டறை கேட்டு மேல உன் பேரைப் பொறிக்கிறேன்டி!"

"அதெல்லாம் வேணாம். எழுத்துப்பிழையோட பொறிப்பே."

சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், கிழக்குக் கல் தப்புன்னா மேற்குக் கல்லும் தப்புதானே? தடத்தோட அகலம் இருபத்தாறு மீட்டர். அது குறையாது. இந்தப் பக்கம் நாலு மீட்டர் விட்டா, அந்தப் பக்கம் நாலு மீட்டர் போகும்."

எல்லாரும் மேற்கே திரும்பினோம். சித்தப்பா வீட்டு மாடியில், இரண்டு வருஷத்துக்கு முன்பு கட்டிய அந்த அறை, கண்ணாடி ஜன்னலோடு வெயிலில் மின்னியது.

அண்ணன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "போதும். நம்ம பக்கம் சரியாயிடுச்சு. அந்தப் பக்கம் அளக்க வேணாம்னு சொல்லு."

"தடம் ஒண்ணுதான் அண்ணா. பாதியைக் கிழிச்சு வச்சுக்க முடியாது."

"சித்தப்பா டி."

"நேத்துவரைக்கும் நம்ம தூணும் அவருக்கு அண்ணன் மகன் தூண்தான். வெட்டச் சொன்னாரா இல்லையா?"

டேப்பின் முனை இன்னும் என் கையில்தான் இருந்தது. வேலியைத் தாண்டி மேற்கே நடந்தேன். சித்தப்பா குறுக்கே வந்து நின்றார்.

"டேப்பை மடக்கு."

"நகருங்க சித்தப்பா."

"மடக்குன்னு சொல்றேன்!"

நான் மடக்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போய் மாடி அறையின் சுவருக்கு நேர் கீழே முனையை வைத்தேன். சூப்பர்வைசர் வந்து படித்தார். பத்து நாற்பது. அறை இரண்டரை மீட்டருக்கு மேல் தடத்துக்குள் இருந்தது.

"அன்னைக்குக் கல் நட்டவங்களுக்கு நடுக்கம்பியைக் காட்டுனது யாரு?" என்று கேட்டேன். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகமே சொன்னது. தெரிந்தேதான் எங்கள் பக்கம் தள்ளியிருக்கிறார். தள்ளிவிட்டுத் தைரியமாக மாடியும் கட்டியிருக்கிறார்.

அந்த நேரம் அம்மா வந்தாள். பதினொரு மணிக்கு வெட்டப்போகிறார்கள் என்று சலவைக் கடையில் சொல்லிவிட்டு ஓடிவந்திருக்கிறாள். நெற்றியில் இஸ்திரி ஆவியின் வியர்வை அப்படியே இருந்தது. நிற்கிற தூண்களைப் பார்த்தாள், சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள், என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் விளக்கவில்லை.

"வாங்க அண்ணி," என்றார் சித்தப்பா. குரல் திடீரென்று தேனாக இருந்தது. "உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நாலு மீட்டரை நான் திருடலைன்னு சொல்லுங்க. நீங்கதானே குடுத்தீங்க?"

நான் அம்மாவைப் பார்த்தேன். "அம்மா?"

"ஆமா," என்றாள் அம்மா. "குடுத்தேன்."

"எதுக்கு?"

"உனக்குத்தான்மா," என்றார் சித்தப்பா. "நீ காலேஜ் ஹாஸ்டல்ல சேர கார்டியன் கையெழுத்து வேணும்னு அப்ளிகேஷன் பாரம் வந்துச்சே. ஆம்பளைத் துணை இல்லாம பொண்ணை வெளியூர் அனுப்பக்கூடாதுன்னு நான் முடியாதுன்னுட்டேன். உங்க அம்மா வந்து, கல் எங்க வேணா நடுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன், பாரத்துல ஒரு கையெழுத்துப் போடுங்கன்னு கேட்டாங்க. நீ வாசிச்சியே இவ்வளவு வாசிப்பு, அது அந்த நாலு மீட்டர்ல வந்தது. போய் இப்ப அதையே அளந்து எடு."

அண்ணன் தூணிலிருந்து கையை எடுத்தான்.

டேப்பை நான் விடவில்லை. அதை விட்டிருந்தால் அழுதிருப்பேன், அந்த ஆளுக்கு முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

"தம்பி," என்றாள் அம்மா. "மீதியையும் சொல்லுங்க."

"என்ன மீதி?"

"கல் நட்ட அன்னைக்குச் சாயங்காலம் பாரத்தை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன். நாளைக்கு வாங்கன்னீங்க. மறுநாள் வந்தேன். ஊர்ல இல்லைன்னாங்க, உங்க செருப்பு வாசல்லயே கிடந்துச்சு. மூணாவது நாள்தான் பாரம் குடுக்கக் கடைசி. நீங்க போடல."

"போடாமலா இவ படிச்சா? பாரத்துல என் கையெழுத்து இருந்திருக்கணுமே. நான் போட்டிருப்பேன், மறந்து..." பாதியில் நிறுத்தினார்.

"நான் போட்டேன்," என்றாள் அம்மா.

சலவைக் கடையில் துணி போடும்போது சீட்டில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்தச் சீட்டுகளை அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். இஸ்திரி மேசையில், துணிக்கு நீர் தெளிக்கும் நேரத்தில், ஈர விரலால் மேசைமேல் எழுதி எழுதிப் பழகியிருக்கிறாள். எழுத்து இன்னதென்று தெரியாது. எங்கே வளைகிறது, எங்கே இறங்குகிறது, வால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும்.

"ரெண்டு ராத்திரி, ரெண்டு பகல். நாலு மீட்டரும் போச்சு, கையெழுத்தும் வரலைன்னா நான் எப்படி விடுவேன்? வாலோட சேர்த்துத்தான் போட்டேன் தம்பி. ஒருத்தரும் கண்டுபிடிக்கல."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சூப்பர்வைசர் காதில் விழாதவர் மாதிரி வேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. போனை எடுத்தார்.

"கள்ளக் கையெழுத்து. சாட்சியோட சொல்லியாச்சு. வர்ற திங்கட்கிழமை இவ வேலைக்குச் சர்டிபிகேட் சரிபார்ப்புன்னு கேள்விப்பட்டேன். சரி. அதையும் அளந்து பார்ப்போம்." காதில் போனை வைத்துக்கொண்டே தன் வீட்டைப் பார்த்து நடந்தார். யாரிடம் பேசினார் என்று கேட்கவில்லை. 'காலேஜ்' என்ற வார்த்தை மட்டும் கேட்டது.

"அம்மா, ஏம்மா இப்பச் சொன்னே?" என்று அண்ணன் தலையில் கை வைத்தான்.

"அவர் போட்ட பிச்சையில என் பொண்ணு படிச்சான்னு அவர் சொல்லிக்கிட்டு நிக்கிறார். கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

சூப்பர்வைசர் புதிய வரைபடத்தைப் பலகையில் வைத்து நீட்டினார். கிழக்குக் கல் நான்கு மீட்டர் மேற்கே நகர்கிறது, தூண்கள் தடத்துக்கு வெளியே. கிழக்கு நிலத்தின் உரிமையாளர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். பாகம் பிரிந்தபோது நிலம் அம்மா பெயரில் வந்தது. கையெழுத்து விழுந்தால் அண்ணன் நாளைக்கே கூரை போடலாம்.

"அம்மா, இங்க ரேகை வைங்க," என்று மைப்பெட்டியைத் திறந்தார்.

அம்மா மைப்பெட்டியைப் பார்த்தாள். மூடி அவர் பக்கமே தள்ளினாள். சட்டைப் பையிலிருந்த அவருடைய பேனாவைக் காட்டி, "அதைக் குடுங்க தம்பி," என்றாள்.

வாங்கி, இறுக்கமாகப் பிடித்து, காகிதத்தின் மேல் வைத்தாள். முனை அப்படியே நின்றது.

பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவர் பேரு மட்டும்தான்டி எனக்கு எழுத வரும்," என்றாள். "என் பேரு எப்படி ஆரம்பிக்கும்?"